சமையலறையில் அறுபத்து மூன்று சென்டிமீட்டர்

எங்கள் தீவில் மலை என்று ஒன்று இருக்கிறது. வார்ட் என்று பெயர். படகிலிருந்து இறங்குகிற வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு, "மலை எங்கே?" என்று கேட்பார்கள். அதன் மேலேயே நின்றுகொண்டு கேட்டவர்களும் உண்டு. முப்பத்தொரு வருஷம் படகுத்துறையில் கயிறு பிடித்தவன் நான், எனக்குத் தெரியும்.

வார்ட் வெறும் கல் அல்ல. கல்லின் மேல் ஆளுயரத்துக்கு, சில இடங்களில் இரண்டாள் உயரத்துக்கு, கரிமண் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறது. செத்த பாசி மக்கிப்போக மனசில்லாமல் ஈரத்திலேயே ஊறிக் கிடந்து, சில ஆயிரம் வருஷத்தில் ஆன மண். வெட்டிக் காயவைத்தால் அடுப்பில் எரியும். காயாத இடத்தில் கால் வைத்தால் பூட்ஸைப் பிடுங்கிக்கொள்ளும். எங்கள் ஊரில் ஒற்றைக் கால் பூட்ஸோடு வீடு திரும்பிய ஆளைப் பார்த்து யாரும் எதுவும் கேட்பதில்லை.

இனி நான் சொல்லப்போவதில் பத்தில் ஒன்பது பங்கு உண்மை. மீதி ஒரு பங்கையும் உண்மைதான் என்று நான் எந்தச் சபையிலும் சொல்வேன்.

வார்ட் மலைக்கு நேர் கீழே கடைசி வீடு ராஸ்மி இஸ்பிஸ்டருடையது. வயது அறுபத்தெட்டு, கல்யாணம் ஆகவில்லை, நூற்றுப்பத்து ஆடுகள், ஒரு கரிமண் அடுப்பு, அதன் மேல் ஒரு கறுப்புக் கெட்டில். அந்த அடுப்பு அணைந்து ராஸ்மி பார்த்ததில்லை. அவன் அப்பாவும் பார்த்ததில்லை. கெட்டிலும் அதன் மேலிருந்து இறங்கியதில்லை. யார் போனாலும், பெயர் கேட்பதற்கு முன்னால், டீ குடிக்கிறீங்களா என்று கேட்பான். பக்கத்து வீடு அவன் அக்கா நெட்டாவுடையது. அவள் யாரையும் எதுவும் கேட்பதில்லை, சொல்வதோடு சரி.

ராஸ்மி வீட்டுக்கு மேலே மலையில் ஒரு வாய்க்கால் இருந்தது. அது எப்படி வந்தது என்றால், ராஸ்மிக்கு மீசை முளைக்காத காலத்தில் அரசாங்கத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். மலைக்கு ஈரம் என்கிற வியாதி, தண்ணீரை வடித்துவிட்டால் புல் முளைக்கும், ஆடு கொழுக்கும் என்றார். ராஸ்மியின் அப்பா கையெழுத்துப் போட்டார். இயந்திரம் வந்தது, வாய்க்கால் வெட்டியது, போனது. புல் முளைக்கவில்லை. ஆடும் கொழுக்கவில்லை. முழங்கால் ஆழம் இருந்த வாய்க்கால்தான் வருஷத்துக்கு வருஷம் கொழுத்து, ஆள் இறங்கினால் தொப்பி மட்டும் தெரிகிற பள்ளமாயிற்று. பள்ளத்தின் இரண்டு பக்கமும் மலை காய்ந்து வெடித்தது. அந்த வெடிப்புகளில் ஒன்று, பெரியது, ராஸ்மி வீட்டுக்கு நேர் மேலே, கரிமண் போர்வையை அரிவாளால் கீறினதுபோல் நீளமாகக் கிடந்தது. ராஸ்மி ஞாயிற்றுக்கிழமைதோறும் மேலே போய் அதைக் கையால் அளப்பான். ஐந்து வருஷத்துக்கு முன்னால் நாலு விரல். பிறகு ஒரு சாண்.

வெடிப்பில் மழை இறங்கினால் கல்லுக்கும் கரிமண்ணுக்கும் நடுவில் தண்ணீர் புகுந்துகொள்ளும். அப்புறம் மலை வழுக்கும். எதன் மேல் வழுக்கும் என்று கேட்கத் தேவையில்லை. கீழே ஒரே ஒரு வீடுதான் இருந்தது.

ராஸ்மிக்கு இதற்கு மருந்து தெரியும். எங்கள் தீவில் அடுப்புக்குக் கரிமண் வெட்டுகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். வெட்டும் முன் மேலே இருக்கிற தோலை, பாசியும் புல்லும் வேருமாக, பத்தை பத்தையாக உரித்தெடுப்போம். கீழே கறுப்பு மண்ணை டஷ்கர் என்கிற, ஒரு பக்கத்தில் சிறகுபோல் தகடு நீட்டிய மண்வெட்டியால் கட்டி கட்டியாக வெட்டி எடுப்போம். எடுத்த பள்ளத்தின் தரையில், உரித்த தோலைப் புல் பக்கம் மேலே பார்க்கும்படி திரும்பப் பரப்பிவிடுவோம். கறுப்பு, வானத்தைப் பார்த்துக் கிடக்கக் கூடாது. ராஸ்மியின் தாத்தா வெட்டிய இடத்தை இன்றைக்குக் காட்டு என்றால் யாராலும் காட்ட முடியாது. தனக்கு ஒன்று நடந்தது என்பதே மலைக்குத் தெரியாது.

அதேபோல் வாய்க்கால் பள்ளத்தில் எட்டு இடத்தில் கரிமண்ணை அணைபோல் அடைத்து, மேலே தோலைப் போட்டுவிட்டால் தண்ணீர் தேங்கும், பாசி வரும், வெடிப்பு ஈரத்தில் உப்பி மூடிக்கொள்ளும். மூன்று நாள் வேலை. ஆனால் அதற்குள் மேட்டுநிலக் கரிமண் மறுவாழ்வு ஆணையத்திலிருந்து ஊரிலுள்ள எல்லா வீட்டுக்கும் கடிதம் வந்துவிட்டது. அனுமதியில்லாமல் மலையை யாரும் தொடக்கூடாது. மலைக்கு மறுவாழ்வு வரப்போகிறது.

ஆணையத்தின் தலைமையகம் ஒரு விமானமும் இரண்டு படகும் தள்ளி, தெற்கே ஒரு பெரிய நகரத்தில் இருந்தது. அந்த நகரத்தில் கரிமண் பூந்தொட்டிகளில் மட்டும்தான் உண்டு.

முதலில் கருத்துக் கேட்பு நடந்தது. ஊர்க் கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். வட்டமாக உட்கார்ந்தால் எல்லோரும் சமம் என்று ஆணையத்தின் மண்டலத் தலைவர் டாக்டர் லெதர்பி, வட்டத்தின் நடுவில் நின்றுகொண்டு சொன்னார். உயரமான ஆள், சாந்தமான குரல், யார் எதைச் சொன்னாலும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்பார். நெட்டா அவரைப் பார்த்து, காதில் உண்ணி புகுந்த ஆடு இப்படித்தான் நிற்கும் என்று என்னிடம் சொன்னாள். கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்.

எல்லோருக்கும் மஞ்சள் துண்டுக் காகிதம் கொடுத்து, மலையைப் பற்றி உங்கள் உணர்வை எழுதுங்கள் என்றார்கள். ராஸ்மி பென்சிலை நாக்கில் நனைத்து வெகுநேரம் யோசித்து, "வெடிப்பு ஒரு சாண். வீடு கீழே" என்று எழுதினான். அதைச் சுவரில் 'கவலைகளும் நினைவுகளும்' என்கிற தலைப்பின் கீழ் ஒட்டினார்கள். பக்கத்தில் யாரோ மலையில் தனக்கு முதல் முத்தம் கிடைத்ததைப் பற்றி எழுதியிருந்தார்கள். கையெழுத்து எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்.

பிறகு டாக்டர் பேசினார். அந்தப் பேச்சு எனக்கு அப்படியே மனப்பாடம்.

"நண்பர்களே, இந்த மலை ஐம்பது வருஷமா செத்துக்கிட்டு இருக்கு. அதை நாம அவசரப்பட்டுக் காப்பாத்திக் கெடுத்துடக் கூடாது. அது எவ்வளவு வேகமா சாகுதுன்னு முதல்ல சரியா அளக்கணும். அளக்காம காப்பாத்திட்டா, காப்பாத்தினோம்ங்கிறதுக்கு என்ன அத்தாட்சி? நாளைக்கு ஒருத்தர் எழுந்து, அது நல்லாத்தானே இருந்ததுன்னு கேட்டா, நான் எந்த முகத்தோட பதில் சொல்லுவேன்?"

கை தட்டினோம். டீ ஆறிக்கொண்டிருந்தது.

கூட்டம் முடிந்து ராஸ்மி டாக்டரைத் தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போனான். டீ குடிக்கிறீங்களா சார் என்றான். "சர்க்கரை இல்லாம" என்றார் டாக்டர். குடித்தார். வெடிப்பைப் பற்றிச் சொன்னான். தலையைச் சாய்த்துக் கேட்டார். விண்ணப்பம் போடச் சொன்னார்.

விண்ணப்பம் நாற்பத்தொரு பக்கம். பதினாறாம் கேள்வி வரைக்கும் ராஸ்மி எப்படியோ தாண்டிவிட்டான். பதினேழாம் கேள்வியில்தான் மாட்டிக்கொண்டு, அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான். 'உங்கள் வசமுள்ள கரிமண்ணை எதிர்காலத்தில் சேதப்படுத்தும் எண்ணம் உங்களுக்கு உண்டா?' என்று கேட்டிருந்தார்கள். ஒரு யோக்கியமான மனிதன் இதற்கு என்ன எழுதுவான்? 'இல்லை' என்று எழுதினான். ஆறு வாரம் கழித்து விண்ணப்பம் திரும்பி வந்தது. சேதப்படுத்தும் எண்ணமே இல்லாத ஒருவரை ஆணையம் தடுத்து நிறுத்துவதால் மலைக்குப் புதிதாக எந்த நன்மையும் விளையாது. ஆகவே மதிப்பெண் பூஜ்யம்.

"அப்ப 'உண்டு'ன்னு எழுதணுமா?" என்றான் ராஸ்மி.

"கொஞ்சம் ஆசையோட எழுது" என்றேன்.

எழுதினான். இரண்டு நாள் அவன் முகமே சரியில்லை, மலைப் பக்கம் திரும்பாமல் நடந்தான். இந்தத் தடவை விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டார்கள். மலையின் சேத மதிப்பெண் நூற்றுக்கு எண்பத்திரண்டு. எழுபது இருந்தால் போதும், ஆகவே மிகச் சிறப்பு, பாராட்டுகள், ஏழு வருஷத் திட்டம், முதல் அணை நாலாவது வருஷத்தில்.

வெடிப்பு அப்போது ஒரு சாணும் இரண்டு விரலும்.

மே மாதத்தில் ஒரு வாரம் மழை விட்டது. எங்கள் தீவில் அது பத்து வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிற காரியம். திங்கட்கிழமை காலையில் ராஸ்மி டஷ்கரைத் தோளில் போட்டுக்கொண்டு என் வீட்டு வாசலைத் தாண்டிப் போனான். எங்கே என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. நானும் கூடப் போய் அவனுக்கு ஒத்தாசையாக ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தேன். மூன்று நாளில் எட்டு அணை. ஒவ்வொன்றின் மேலும் பாசித் தோலை, குழந்தைக்குப் போர்வை இழுத்துவிடுகிற மாதிரி ஓரம் தட்டித் தட்டிப் பரப்பினான்.

அடுத்த மழையில் பள்ளத்தில் தண்ணீர் நின்றது. ஜூலையில் அதன் விளிம்பில் வெண்பஞ்சுப் புல் தலையாட்டியது. பல வருஷமாகக் காணாமல் போயிருந்த குருவி ஒன்று வந்து, குடி வந்த வீட்டைப் பார்க்கிற மருமகள் மாதிரி சுற்றிச் சுற்றிப் பார்த்தது. வெடிப்பு ஆறு விரலாயிற்று, நாலு விரலாயிற்று. ராஸ்மி ஞாயிற்றுக்கிழமை மட்டுமல்லாமல் புதன்கிழமையும் போய் அளக்க ஆரம்பித்தான், சந்தோஷத்துக்காக.

ஆகஸ்டில் அளவைக்காரர்கள் வந்தார்கள். ஒன்பது பேர், ஒன்பது பேர் தலைக்கு மேலும் ஒவ்வொரு குச்சி. மலையில் பாங்க்சி என்கிற முரட்டுக் கடற்பறவை மண்டையைப் பார்த்துப் பாயும். குச்சியைத் தலைக்கு மேல் பிடித்தால் குச்சியைக் கொத்தும். தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ சாமி ஊர்வலம் போவதுபோல் இருந்தது. இரும்புக் கம்பிகளை மலையில் குத்திக் குத்திப் பார்த்தார்கள். மாலையில் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளாமல் இறங்கி வந்து, படகில் ஏறிப் போனார்கள்.

நாலாம் நாள் டாக்டர் லெதர்பி தனியாக வந்து இறங்கினார். அப்படி ஒரு முகத்தோடு அதற்கு முன்னால் ஒரே ஒருவர்தான் எங்கள் படகில் வந்திருக்கிறார்; அவர் சவப்பெட்டியோடு வந்தவர். நேரே ராஸ்மி வீட்டுக்குப் போனார். நெட்டாவும் நானும் பின்னாலேயே போனோம், எதற்கு வீட்டில் சும்மா இருக்க வேண்டும்.

"சர்க்கரை இல்லாம" என்றார், ராஸ்மி வாய் திறப்பதற்கு முன்னால். பிறகு ஒரு தாளை மேசைமேல் வைத்தார்.

"நாற்பத்தொண்ணு" என்றார். "எண்பத்திரண்டா இருந்த சேதம் நாற்பத்தொண்ணுக்கு இறங்கிடுச்சு. யாரு இதை குணப்படுத்தினது?"

ராஸ்மி தொப்பியைக் கழற்றினான். "நான்தான் சார். மூணு நாள் ஆச்சு."

"மூணு நாள்." டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். "அதுக்கு நாங்க ஏழு வருஷம் ஒதுக்கியிருந்தோம், மிஸ்டர் இஸ்பிஸ்டர்."

அவர் கோபப்படவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பொறுமையாக விளக்கினார். எழுபதுக்குக் கீழே போன மலை திட்டத்துக்குத் தகுதியில்லாத மலை. தகுதியில்லாத மலையைக் காப்பாற்ற ஆணையத்துக்கு அதிகாரமில்லை. ஆகவே ராஸ்மி செய்திருப்பது அனுமதியற்ற நலம்பெறல். இதற்கு இருபத்தெட்டு நாள் அவகாசம் உண்டு. அதற்குள் மலை முன்பிருந்த நிலைக்கு வந்தாக வேண்டும். வராவிட்டால் மலைக்கான திட்டத்தோடு சேர்த்து, ராஸ்மியின் ஆடுகளுக்கு அங்கே மேயும் உரிமையும் போகும்.

"அதாவது இவன் மறுபடி அதைப் பாழாக்கணும்" என்றாள் நெட்டா.

"அப்படிச் சொல்லாதீங்கம்மா. அடிப்படை நிலைக்குக் கொண்டுவரணும்."

"இதைச் சொல்றதுக்கா ரெண்டு படகு ஏறி வந்தீங்க? கடுதாசியிலேயே திட்டியிருக்கலாமே."

ராஸ்மி தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில், மலை வழுக்கினால் வீடு போய்விடுமே சார் என்று கேட்டான். மலை இன்னும் ஒரு வருஷம் அப்படியே இருந்து அளவெடுக்கப்பட்டால் போதும், அணைகளை முன்கூட்டியே மூன்றாவது வருஷத்தில் கட்டத் தாம் பரிந்துரைப்பதாக டாக்டர் சொன்னார்.

"ஒரு வருஷம் அது தாங்குமா சார்?"

"தாங்கலைன்னா அதுவும் ஒரு தரவுதான்" என்றார் டாக்டர், ஆறுதலாக.

ஆனால் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் மலையைப் பாழாக்கிவிட முடியுமா? முடியாது. அதற்குப் பயிற்சி வேண்டும். ஊர்க் கூடத்தில் இரண்டு நாள் 'சேத மீட்டளிப்பு அடிப்படைப் பயிற்சி' நடந்தது. சேர்ந்தவர்கள் இருவர்: ராஸ்மி, நான். நான் சேர்ந்தது மதியம் கொடுத்த சாண்ட்விச்சுக்காக. முதல் நாள் தலைக்கவசம் மாட்டுவது எப்படி. இரண்டாம் நாள், கூடத்துக்குப் பின்னால் ஒரு பாய் அளவு இடத்தில் செய்முறைத் தேர்வு. தோலை உரிக்க வேண்டும், கறுப்பைத் திறக்க வேண்டும், அப்படியே விட்டுவிட்டு நகர வேண்டும்.

ராஸ்மி உரித்தான். திறந்தான். பயிற்சியாளர் தாளில் குறித்துக்கொண்டு நிமிர்வதற்குள் அவன் கை தோலை எடுத்துத் திரும்பப் பரப்பிவிட்டிருந்தது.

"மூடாதீங்க" என்றார் பயிற்சியாளர்.

மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மறுபடி உரித்தான். மறுபடியும் மூடினான். ஓரத்தைத் தட்டி வேறு விட்டான். நாலு தடவை இப்படி நடந்தது. அவன் வேண்டுமென்று செய்யவில்லை என்று நான் சத்தியம் செய்வேன். அந்தக் கைக்கு வேறு எதுவும் தெரியாது. ஐந்தாம் தடவை, உரித்துத் திறந்தவுடன் நான் போய் அவன் இரண்டு கையையும் பின்னால் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். பயிற்சியாளர் அதைக் குழுப்பணி என்று எழுதி இருவருக்கும் சான்றிதழ் கொடுத்தார். என்னுடையது கழிப்பறைச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

செப்டம்பரில் ராஸ்மி தன் எட்டு அணைகளையும் தானே வெட்டித் திறந்தான். பக்கத்தில் அளவைக்காரர்கள் பழைய புகைப்படத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, இன்னும் கொஞ்சம் இடது பக்கம், இன்னும் கொஞ்சம் கறுப்பு என்று சொல்லிக்கொடுத்தார்கள். முதல் தடவை அறுபத்து நாலுதான் வந்தது. வெண்பஞ்சுப் புல்லைப் பிடுங்கச் சொன்னார்கள். அறுபத்தெட்டு. குருவியைக் கல் எறிந்து துரத்திய பிறகு எழுபத்தொன்று. ஒருவர் ராஸ்மியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தண்ணீர் சத்தம் போட்டுக்கொண்டு இறங்கிப் போனதை ராஸ்மி பார்த்துக்கொண்டே நின்றான். அன்று மாலை என்னோடு இறங்கி வந்தான். வீட்டு வாசலில் நின்று, தன் அப்பா கையெழுத்துப் போட்ட நாளில் என்ன மாதிரி இருந்திருப்பார் என்று இப்போது தெரிகிறது என்றான்.

அக்டோபரில் மழை பிடித்தது. பதினோரு நாள். எங்கள் ஊர் மழை மேலிருந்து கீழே பெய்வதில்லை, பக்கவாட்டில் வரும். அந்தப் பதினோரு நாளும் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது. வெடிப்பு இரண்டு சாண், பிறகு இரண்டு முழம். ராஸ்மி ஆடுகளை வேறு பக்கம் ஓட்டிவிட்டு ஆணையத்துக்குத் தொலைபேசினான். சரிவுகளைப் பற்றிய புகாருக்கு, சரிவு நடந்த பிறகு எடுத்த புகைப்படத்தை இணைக்க வேண்டும் என்றது ஒரு பெண் குரல். அது மனிதக் குரலா இயந்திரமா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. வணக்கம் சொல்லி வைத்துவிட்டான்.

பன்னிரண்டாம் நாள் ஞாயிறு. மழை விட்டிருந்தது. நெட்டா வீட்டில் மதியச் சாப்பாடு. உப்பில் ஊறவைத்து உத்தரத்தில் உலர்த்திய ஆட்டிறைச்சி சூப், உருளைக்கிழங்கு, பானக் என்கிற தட்டை ரொட்டி. ராஸ்மி கரண்டியை வாய்க்குக் கொண்டுபோன நேரத்தில் மேசை நடுங்கியது. பிறகு ஒரு சத்தம். எனக்கு அது படகு துறைமேடையில் உரசுகிற சத்தம்போல் இருந்தது, ஆனால் அவ்வளவு பெரிய படகு எங்கேயும் கிடையாது.

வெளியே ஓடினோம். மலை இறங்கி வந்துகொண்டிருந்தது. வேகமாக இல்லை, கஞ்சி பொங்கிப் பானை விளிம்பைத் தாண்டி வழிகிற மாதிரி, அவசரமில்லாமல், மேலே பாசியும் புதரும் அப்படியே நிற்க, பின்கதவைத் திறந்துகொண்டு வீட்டுக்குள் போனது. ஜன்னல் ஒன்று உடைந்தது. முன்கதவு வழியாகக் கொஞ்சம் எட்டிப் பார்த்து, வாசற்படியில் நின்றுகொண்டது. புகைபோக்கியில் புகை வந்துகொண்டேதான் இருந்தது. மெலிந்தது. விட்டு விட்டு வந்தது. நின்றுவிட்டது.

நெட்டா அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். "சூப்புக்கு வந்தியேடா" என்றாள். வேறு எதுவும் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவளுக்குச் சொல்லத் தெரியாமல் போனதை அன்றுதான் பார்த்தேன்.

ராஸ்மி கொட்டகைக்குப் போய் மண்வெட்டியை எடுத்து வந்தான். கதவுக்கு வழி வெட்டப் போகிறான் என்று நினைத்தேன். அவன் வெட்டவில்லை. வாசலைச் சுற்றிப் பாசித் தோல்கள் குப்புறக் கவிழ்ந்து கிடந்தன. ஒவ்வொன்றாகத் தூக்கி, புல் பக்கம் மேலே திருப்பி, கறுப்பின் மேல் பரப்பி, ஓரத்தைத் தட்டினான்.

"யோவ், என்னய்யா பண்றே?" என்றேன்.

"கறுப்பு திறந்து கிடக்கக் கூடாதுல்ல" என்றான்.

இருட்டும்வரை அதையே செய்தான். இந்தத் தடவை அவன் கையைப் பிடிக்க எனக்கு மனசு வரவில்லை. பிடித்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் ஆணையம் வந்தது. டாக்டர் லெதர்பி ராஸ்மிக்குத் தம் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துவிட்டு, உடைந்த ஜன்னல் வழியாகக் கம்பியைச் சமையலறைக்குள் விட்டுக் குத்தினார். கம்பி தரைக் கல்லில் முட்டி நின்றது. குனிந்து அளவைப் படித்தார். மறுபடி ஒரு முறை குத்திப் படித்தார்.

"அறுபத்து மூணு" என்றார்.

ஐம்பது சென்டிமீட்டருக்கு மேல் கரிமண் இருந்தால் அது ஆழ்கரிமண் நிலம். ஆழ்கரிமண் நிலம் பாதுகாக்கப்பட்டது. அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுப்பதும் குற்றம். வரவேற்பறை அறுபத்தெட்டு. படுக்கையறை நாற்பத்தொன்பதுதான், ஆனால் நடுவில் கட்டில் இருந்ததால் அதையும் சேர்த்துக்கொண்டார்கள்.

"இதை வெளியே அள்ளிப் போட்டுக்கறேன் சார்" என்றான் ராஸ்மி.

"எங்கே போடுவீங்க?"

"மலையிலதான். அங்கேருந்துதானே வந்தது."

"கரிமண்ணை இடம் மாத்த உங்களுக்கு அனுமதி இல்லையே, மிஸ்டர் இஸ்பிஸ்டர்."

"அதுவே இடம் மாறித்தான சார் வந்திருக்கு?"

"அது இயற்கை" என்றார் டாக்டர், மென்மையாக.

அப்போதுதான் அவர் வாசலைப் பார்த்தார். ராஸ்மி பரப்பிய பாசி மூன்று நாளில் வேர் பிடித்து, மழைத்துளியோடு பச்சையாக மின்னிக்கொண்டிருந்தது. அவர் கண் கலங்கியது என்று சொன்னால் நான் பெரிதுபடுத்துகிறேன் என்பீர்கள். கலங்கியது. புகைப்படக்காரரைக் கூப்பிட்டார். ராஸ்மியை மண்வெட்டியோடு வாசலில் நிறுத்தினார்கள். கொஞ்சம் சிரிக்கச் சொன்னார்கள். அவன் முயற்சி செய்தான்.

அந்தப் படம்தான் அந்த வருஷ அறிக்கையின் அட்டை. கீழே, 'உள்ளூர்ச் சமூகம் தன் வாசலிலிருந்தே தொடங்குகிறது' என்று போட்டிருந்தார்கள். மலையின் சேத மதிப்பெண் தொண்ணூற்றேழு; வட தீவுகளிலேயே அதிகம். திட்டம் உடனடியாக அனுமதிக்கப்பட்டது. மலையின் அந்தப் பக்கத்தில் இப்போது வெறும் கல்தான் இருப்பதால், அணைகளை வீட்டுக்குள் கட்டினார்கள். சமையலறைக்கும் வரவேற்பறைக்கும் நடுவில் ஒன்று, மாடிப்படியின் கீழ் ஒன்று. வெளியே ஒரு பலகை: மறுவாழ்வு நடைபெறுகிறது, உள்ளே வராதீர்கள்.

ராஸ்மி நெட்டா வீட்டுப் பின்னறையில் இருக்கிறான். அங்கே மின்சார அடுப்பு. விசையைத் தட்டினால் எரியும், தட்டினால் அணையும். அது அணைகிற ஒவ்வொரு தடவையும் அவன் திரும்பிப் பார்க்கிறான்.

போன வசந்தத்தில் கெட்டிலை எடுத்துக்கொள்ள ஒரு விண்ணப்பம் போட்டான். கெட்டில் மட்டும் போதும், கையை உள்ளே விட்டால் எட்டுகிற தூரம்தான் என்று நானே எழுதிக்கொடுத்தேன். பதினேழாம் கேள்விக்கு 'உண்டு' என்றே எழுதினோம். பதில் வந்தது. அளவெடுத்த நாளில் கெட்டில் உள்ளே இருந்தபடியால் அது அடிப்படை நிலையின் ஒரு பகுதி. ஏழு வருஷத்துக்கு அதை அசைக்கக் கூடாது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை டாக்டர் வந்து அளக்கிறார். ராஸ்மிதான் குச்சியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாங்க்சி கொத்தாமல் அவரைக் கூட்டிப் போகிறான். வழி காட்டவென்று அவனை நியமித்திருக்கிறார்கள், அவன் வீட்டுக்கு அவனே. போன வாரம் நானும் கூடப் போயிருந்தேன். டாக்டர் ஜன்னலில் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, அடுப்பைச் சுற்றிப் பாசி நன்றாகப் பிடித்துவிட்டது என்றார்.

"கெட்டில் எப்படி இருக்கு சார்?"

"நல்லா இருக்கு. கழுத்து வரைக்கும்தான் மண்ணு. மூடி தெரியுது."

ராஸ்மி தலையாட்டினான். காற்று அடித்துக்கொண்டிருந்தது. டாக்டர் ஜன்னல் விளிம்பில் குறிப்பேட்டை வைத்து எழுத ஆரம்பித்தார். விருந்தாளி ஒருவர் தன் வீட்டு வாசலில் குளிரில் நிற்கிறார் என்பது மட்டும்தான் அந்த நிமிஷத்தில் ராஸ்மிக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"டீ குடிக்கிறீங்களா சார்?" என்றான்.

கேட்ட பிறகுதான் அவனுக்கு நினைவு வந்தது. குச்சியைப் பிடித்தபடி அப்படியே நின்றான்.

டாக்டர் எழுதிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"சர்க்கரை இல்லாம" என்றார்.